மூவாயிரம் ரூபாய்க்கு எதை விற்றேன்?

2020 ஜனவரி, நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம். புத்தகக் காட்சியில் முதல் வரிசையைக்கூட நான் தாண்டவில்லை. எனக்கு முன்னால் போன ஒரு அக்காவின் தோளில் என் மயில் தொங்கிக்கொண்டு போனது. கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கும் மயில். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாவலின் அட்டைக்காக வரைந்தது. இப்போது காடாத் துணிப் பையில், கறுப்பு ஒற்றை நிறத்தில்.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஓடிப்போய், “இந்தப் பை எங்கக்கா வாங்குனீங்க?” என்று கேட்டேன். “அந்தா, அந்த ஸ்டால்லதான். நூத்தி இருபது ரூபா. நல்லாருக்குல்ல?” என்றார். நல்லாத்தான் இருந்தது. அந்த அட்டைக்கு எனக்குக் கிடைத்த தொகை 3,000 ரூபாய். இருபத்தைந்து பை விற்றால் அந்தக் காசு அவர்களுக்குத் திரும்பிவிடும் என்று, நின்ற இடத்திலேயே மனசு கணக்குப் போட்டது. சந்தோஷம் அதோடு சரி.

ஸ்டாலில் அந்த நாவலை வெளியிட்ட பதிப்பகத்தார் சிரித்த முகமாக வரவேற்றார். டீ வரவழைத்தார். நான் பையைக் காட்டியதும், “உங்க மயிலுக்கு என்ன வரவேற்பு பாத்தீங்களா மேடம்!” என்றார். பைக்கென்று தனியாகப் பணம் பேசவில்லையே என்று இழுத்தேன். அவர் முகத்தில் கோபம் இல்லை, உண்மையான குழப்பம்தான் இருந்தது. “நாங்கதான் காசு கொடுத்து வாங்கிட்டோமே மேடம்?”

எனக்கு வாயடைத்துப்போனது. அவர் எதை வாங்கினார், நான் எதை விற்றேன் என்று இரண்டு பேருமே அதுவரை யோசித்ததில்லை. வாட்ஸாப்பில் தேடினால், “அட்டை சூப்பர், அமௌன்ட் போட்டாச்சு” என்று அவர் அனுப்பியதும், கீழே நான் போட்ட கும்பிடு பொம்மையும்தான் இருந்தன. எங்கள் ஒப்பந்தம் மொத்தமும் அந்தக் கும்பிடுதான்.

தோழியின் அண்ணன் ஒருவர் உயர் நீதிமன்றத்தில் வக்கீல். அவரிடம் போனேன். வரைந்தவள் நான், உரிமை எனக்குத்தானே என்ற தைரியத்தில்தான் போனேன். அவர் 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்து 17ஆம் பிரிவைக் காட்டினார். படைத்தவர்தான் முதல் உரிமையாளர் என்று அந்தப் பிரிவு தொடங்குகிறது. அதற்கு அடியில்தான் விதிவிலக்குகள். ஒருவர் கேட்டுக்கொண்டு, அதற்குப் பணமும் கொடுத்து எடுக்கப்பட்ட புகைப்படம், வரையப்பட்ட ஓவியம் அல்லது உருவப்படம் என்றால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், பணம் கொடுத்தவர்தான் முதல் உரிமையாளர்.

“அப்ப மயில் அவங்களுதாண்ணா?”

“டிஜிட்டல்ல வரைஞ்ச அட்டைப்படம் இந்த ‘ஓவியம்’ங்கிற வார்த்தைக்குள்ள வருமா வராதான்னு நான் வாதாடலாம்மா. ஆனா வாதாடுற இடத்துல நீ ஏன் நிக்கணும்? ‘உரிமை என்னுது’ன்னு ஒரு வரி எழுதி அனுப்பி, அவங்க சரின்னு சொல்லியிருந்தா, கதை இங்க வந்திருக்கவே வந்திருக்காதே?”

படம் வரைகிற பிள்ளைகள் எனக்குச் செய்தி அனுப்பிக் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்கிறேன். ‘வரைந்தால் உரிமை தானாக வந்துவிடும், பதிவு செய்யக்கூட வேண்டாம்’ என்று எல்லாரும் சொல்வார்கள். பதிவு கட்டாயமில்லை என்பது சரிதான். ஆனால் ஒருவர் கேட்டு, காசு கொடுத்து நாம் வரையும் படத்துக்கு அந்த முதல் பாதி அப்படியே பொருந்தாது. சும்மா உட்கார்ந்து உங்களுக்காக வரைந்த படம் வேறு, ஆர்டர் வாங்கி வரைந்த படம் வேறு. இரண்டாவதில் பேசாமல் இருந்தால், அந்த மௌனமே உங்களுக்கு எதிராகப் போகலாம்.

சினிமாப் பாட்டு எழுதுகிறவர்களுக்கு 2012இல் சட்டத்தைத் திருத்தினார்கள். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தியேட்டருக்கு வெளியே அந்தப் பாட்டு பயன்படும்போது வரும் ராயல்டியில் தங்கள் சம பங்கை யாருக்கும் எழுதிக் கொடுக்கவே முடியாது, வாரிசுக்கும், ராயல்டியை வசூலித்துக் கொடுக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கும் தவிர. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் செல்லாது. கஷ்டத்தில் இருக்கிறவன் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவான் என்று தெரிந்து எழுதிய பிரிவு அது. அட்டைப்படம் வரைகிறவர்களுக்கு அப்படி ஒரு வேலி இல்லை. நம் வேலியை நாமே மெயிலில் கட்டிக்கொள்ள வேண்டும்.

பை விவகாரம் கோர்ட்டுக்குப் போகவில்லை. வக்கீல் அண்ணன் சொல்லிக்கொடுத்தபடி மரியாதையாக ஒரு கடிதம் எழுதினேன். அட்டைக்கு என்று மட்டும்தான் என்னிடம் கேட்டீர்கள் என்று. அவர்கள் 500 பை அடித்ததாகச் சொன்னார்கள். பைக்கு 8 ரூபாய் என்று பேசி, 4,000 ரூபாய் தர ஒத்துக்கொண்டார்கள். அட்டைக்கே 3,000தான் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. 2,000 பணமாக வந்தது. மீதிக்கு, “ஸ்டால்ல புத்தகம் எடுத்துக்கோங்க மேடம்.” எடுத்துக்கொண்டேன். அலமாரியில் இன்னும் பாதி படிக்காமல் இருக்கின்றன.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்த அட்டைக்கு எத்தனை நாள் ஆனது? நாவலைப் படிக்க ஒரு நாள். மூன்று ரஃப் போட ஒரு நாள். ஃபைனல் இரண்டு நாள். ‘கொஞ்சம் பளிச்சுனு’, ‘டைட்டிலுக்கு இடம் விட்டு’ என்று கரெக்‌ஷன் ஒரு நாள். ஐந்து நாள், 3,000 ரூபாய். அதே மாதம் எங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவருக்கு நாள் கூலி 800. அவர் கூலியை நான் குறை சொல்லவில்லை. வெயிலில் சாரத்தில் நிற்கிறார். ஆனால் அவர் பெயிண்ட் வீட்டுக்காரர் காசில் வருகிறது. என் கம்ப்யூட்டர், டேப்லெட், மாதா மாதம் சந்தா கட்டும் மென்பொருள், கரண்டு எல்லாம் என் 600 ரூபாய்க்குள்.

வீட்டு வாடகை, சாப்பாடு, கருவிகள், அம்மாவின் மருந்து என்று பார்த்தால் எனக்கு மாதம் 35,000 ரூபாய் வேண்டியிருந்தது. மாதத்தில் முப்பது நாளும் காசு வருகிற நாள் இல்லை. போன் பேசுவது, வராத பணத்தைக் கேட்டு அலைவது, வேலையே இல்லாத வாரம் எல்லாம் போக, கைக்குக் கூலி வரும் நாள் சுமார் 14. அப்படியென்றால் நாளுக்கு 2,500. ஐந்து நாள் அட்டைக்கு 12,500.

இந்தத் தொகையைச் சொன்னால் தமிழில் பாதிப் பதிப்பகங்கள் போனை வைத்துவிடும். அவர்களைக் குற்றம் சொல்வதிலும் பெரிய நியாயம் இல்லை. இன்று பல புத்தகங்கள் முந்நூறு பிரதிதான் அச்சாகின்றன. நூறு நூறாக அடிக்கிறவர்களும் உண்டு. அந்த முந்நூறு விற்று வரும் பணத்தில் எனக்கு எப்படி 12,500 கொடுப்பார்கள்? என்னிடம் இருந்த ஒரே வழி: அவர்கள் விலையைக் குறைக்கச் சொன்னால், நான் உரிமையைக் குறைப்பது.

இப்போது யார் கேட்டாலும் விலை சொல்வதற்கு முன்னால் கேள்விதான் கேட்கிறேன். அட்டைக்கு மட்டுமா? மின்னூலுக்கும் உண்டா? ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ மொழிபெயர்ப்பு வந்தால் இதே அட்டையா? பை, போஸ்டர், புக்மார்க் உண்டா? எத்தனை வருஷம்? ‘தமிழ் அச்சுப் பதிப்பு மட்டும், ஐந்து வருடம், மொத்தம் ஆயிரம் பிரதி வரை’ என்றால் 6,000. எல்லாம் வேண்டும், எப்போதும் வேண்டும் என்றால் 15,000க்குக் கீழே பேச்சில்லை. ஆச்சரியம் என்னவென்றால், முக்கால்வாசிப் பேருக்கு ‘எல்லாம்’ தேவையே இல்லை. ‘முழு உரிமை’ என்பதைப் பழக்கத்தில் கேட்கிறார்கள். எதற்கு என்று திருப்பிக் கேட்டால் அவர்களே யோசித்து, “அட்டைக்குத்தான் மேடம்” என்கிறார்கள்.

‘முதல் பதிப்புக்கு மட்டும்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அப்படித்தான் நானும் ஒரு வருடம் எழுதினேன். நூறு நூறாக அச்சடித்து, எல்லாவற்றிலும் முதல் பதிப்பு என்றே போட்டால் என்ன செய்வீர்கள்? அதனால் பிரதி எண்ணிக்கையும் வருடமும்தான்.

நான் அனுப்பும் மெயில் இவ்வளவுதான், வேண்டுமானால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: “இந்த ஓவியத்தின் பதிப்புரிமை என்னிடமே இருக்கும். மேற்கண்ட நூலின் தமிழ் அச்சுப் பதிப்பின் அட்டையிலும், அந்த நூலின் விளம்பரத்திலும் பயன்படுத்த, இந்தியாவுக்குள், ஐந்து ஆண்டுகளுக்கு, ஆயிரம் பிரதிகள் வரை அனுமதி தருகிறேன். பிற பயன்பாடுகளுக்குத் தனியாகப் பேசிக்கொள்வோம். நூலின் உள்ளே ஓவியர் பெயர் இடம்பெற வேண்டும். பாதித் தொகை முன்பணம். இரண்டு முறை திருத்தம் இதில் அடங்கும். சம்மதம் என்றால் இந்த மெயிலுக்குப் பதில் அனுப்புங்கள், வேலையைத் தொடங்குகிறேன்.” கடைசி வரி முக்கியம். பதில் வராமல் பென்சிலைத் தொடுவதில்லை. படத்தின் பகுதிகள் தனித்தனி லேயராக, அதாவது அடுக்காக, இருக்கும் ஓப்பன் ஃபைலையும் கொடுப்பதில்லை; அது கையில் இருந்தால் மயிலை மட்டும் கழற்றிப் பையில் ஒட்டுவது இரண்டு நிமிட வேலை.

யாராவது பெரிய நிறுவனம் அவர்கள் ஒப்பந்தத்தையே அனுப்பினால் அதில் காலமும் இடமும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். உரிமையை எழுதிக்கொடுப்பது கையெழுத்தோடு எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்கிறது 19ஆம் பிரிவு. காலம் சொல்லாமல் விட்டிருந்தால் ஐந்து வருடம், இடம் சொல்லாமல் விட்டிருந்தால் இந்தியா மட்டும் என்று அதே பிரிவு எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் விவரம் தெரிந்த வக்கீல்கள் ‘உலகம் முழுவதும், உரிமைக் காலம் முழுவதும்’ என்று மறக்காமல் எழுதுகிறார்கள். உரிமைக் காலம் என்றால் நான் இருக்கும் வரை, நான் போனபின் அறுபது வருடம். பேரப்பிள்ளை காலம் வரைக்கும் சேர்த்து எழுதி வாங்கிக்கொண்டு 5,000 ரூபாய் என்பார்கள்.

குழந்தைகள் புத்தகம் தனிக் கதை. அங்கே ‘ராயல்டி தருகிறோம்’ என்பார்கள், கேட்க இனிப்பாக இருக்கும். 60 ரூபாய் புத்தகம், பத்து சதவீத ராயல்டியை எழுத்தாளரும் ஓவியரும் பாதிப் பாதி என்றால் எனக்குப் பிரதிக்கு 3 ரூபாய். ஆயிரம் விற்றால் 3,000. முப்பத்திரண்டு பக்கத்தையும் நான் வரைய இரண்டு மாதம் ஆகிறது! அதனால் முன்பணம் ஒரு தொகை, அதற்கு மேல் ராயல்டி என்றுதான் பேசுகிறேன். அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணையில் போகும் பிரதிகளும் ராயல்டிக் கணக்கில் சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுவேன். மொத்தமாக விற்பதே அங்கேதான். ‘அது தள்ளுபடி விலை மேடம், கணக்கில் வராது’ என்ற பதிலை ஒருமுறை கேட்டுவிட்டேன்.

இவ்வளவும் பேசினால், “கலைக்கு விலை பேசலாமா, கலை பொதுச் சொத்து இல்லையா?” என்று யாராவது ஆரம்பிப்பார்கள். பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள். தமிழ்நாட்டில் ஓர் எழுத்தாளரின் நூல்களை நாட்டுடைமை ஆக்கும்போது அரசாங்கமே வழக்கமாக வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்துத்தான் பொதுவாக்குகிறது. அரசாங்கத்துக்கே இருக்கிற கூச்சம் பை விற்கிறவருக்கும் இருக்கட்டும்.

நான் மட்டும் யோக்கியம் என்று நினைத்துவிட வேண்டாம். 2021இல் ஒரு இதழுக்குக் கோயில் யானை வரைந்தேன். இணையத்தில் கிடைத்த ஒரு புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதே கோணம், அதே வெளிச்சம், காது மடியும் இடம்கூட அப்படியே. இதழ் வந்த மூன்றாம் நாள் அந்தப் புகைப்படக்காரர் எனக்குச் செய்தி அனுப்பினார். திட்டவில்லை. தன் படத்தையும் என் ஓவியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “மேடம், இந்த யானைக்காக நான் நாலு மணிக்கு எந்திரிச்சேன்” என்று மட்டும். ‘ரெஃபரன்ஸ்தானே’ என்று பதில் தட்டச்சு செய்து, அனுப்பாமல் அழித்தேன். ‘நாங்கதான் வாங்கிட்டோமே’ என்ற அந்த முகம் நினைவுக்கு வந்தது. எனக்கு வந்த கூலியில் பாதியை அனுப்பினேன், அடுத்த இதழில் அவர் பெயரைப் போடச் சொன்னேன். இப்போது யானை வேண்டுமென்றால் நானே போய்ப் பார்க்கிறேன், இல்லாவிட்டால் கேட்டு வாங்குகிறேன்.

பணம் வசூலிப்பது பற்றி ஒரு வார்த்தை. தனியாள் வேலைதானே என்று நினைக்காமல், சிறு தொழில்களுக்கு மத்திய அரசு வைத்திருக்கும் உத்யம் பதிவைச் செய்துகொள்ளுங்கள், கட்டணம் இல்லை. குறுந்தொழில் என்ற கணக்கில் வந்துவிட்டால், குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006ஆம் வருடச் சட்டப்படி, என்ன தேதி பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்க முடியாது. இழுத்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கில் கூட்டு வட்டி. நான் புகார் எதுவும் கொடுத்ததில்லை. பில்லின் அடியில் பதிவு எண்ணைப் போட்டு, அந்த 45 நாள் விஷயத்தை ஒரு வரியில் எழுத ஆரம்பித்ததற்கே பாதிப் பேர் சீக்கிரம் அனுப்புகிறார்கள்.

திருட்டு டி-ஷர்ட் விஷயமும் அப்படித்தான். ஒரு விற்பனைத் தளத்தில் என் மயில் டி-ஷர்ட்டாகத் தொங்கியது. ரஃபிலிருந்து ஃபைனல் வரை தேதியோடு என்னிடம் ஃபைல்கள் இருந்தன. எழுத்தில் புகார் போனால் தளத்துக்காரர் 36 மணி நேரத்துக்குள் நிறுத்தி வைக்க வேண்டும். 21 நாளுக்குள் நாம் கோர்ட் உத்தரவு கொண்டுவராவிட்டால் அவர்கள் திரும்பவும் வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. நல்லவேளை, என் புகார் போனதும் அதை நீக்கிய தளத்துக்காரர்கள் திரும்ப வைக்கவில்லை.

இதையெல்லாம் போன பொங்கலுக்கு ஊரில் அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊர் கோவில்பட்டி. அண்ணன் என்றால் பெரியப்பா மகன். பெரியப்பா காலண்டருக்குச் சாமிப் படம் வரைந்தவர். கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் கோவில்பட்டியை காலண்டர் ஓவியத்துக்குப் பெயர்போன ஊராக்கினார்கள்; அந்தக் காற்றில் வளர்ந்த கடைசி வரிசை ஆட்களில் பெரியப்பா ஒருவர். சிவகாசி அச்சகங்கள் படத்தை மொத்தமாக வாங்கிக்கொள்ளும். அவர் வரைந்த முருகன் ஒன்று இன்றும் ஏதாவது ஒரு நகைக்கடை, மளிகைக்கடை பெயரோடு வருஷா வருஷம் வருகிறது. வலது கீழ் மூலையில் இருந்த அவர் கையெழுத்து மட்டும் எப்போதோ வெட்டுப்பட்டுப் போயிற்று.

அண்ணன் பீரோவிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்தான். 1978ஆம் வருட ரசீது. படம் ஒன்றுக்கு 175 ரூபாய், ‘சகல உரிமைகளுடன்’. காலம் எழுதவில்லையே, ஐந்து வருடம்தானே என்று எனக்கு ஒரே பரபரப்பு. வக்கீல் அண்ணனுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். ஐந்து வருட விதி 1994 திருத்தத்தில் வந்தது, அதற்கு முன் எழுதிக் கொடுத்ததற்குப் பொருந்தாது என்று சட்டத்திலேயே இருக்கிறதாம். அதோடு, அது ஆர்டருக்கு வரைந்த ஓவியமும்கூட. முருகன் போனது போனதுதான்.

“ஆனா பேரு போகலம்மா,” என்றார். படைத்தவன் நான் என்று சொல்லும் உரிமை 57ஆம் பிரிவில் தனியாக இருக்கிறது. படத்தை விற்றாலும் அது கூடவே போகாது. 2012க்கு முன்னால் அதை வாரிசுகள் கேட்க முடியாது, இப்போது கேட்கலாம்.

அண்ணன் அச்சகத்துக்குக் கடிதம் எழுதினான். பணம் கேட்கவில்லை, கையெழுத்தைத் திரும்பப் போடுங்கள் என்று மட்டும். இப்போது அச்சகத்தை நடத்துவது மூன்றாம் தலைமுறை. அந்தத் தம்பி மறுவாரமே போன் செய்தார். “போட்டுரலாம்ணே. எங்ககிட்ட இருக்கற எந்த பிரிண்ட்லயும் அந்த மூலையே இல்ல. ஐயாவோட கையெழுத்து தெளிவா எதுலயாச்சும் இருந்தா ஸ்கேன் பண்ணி அனுப்புங்க.”

வீடு முழுக்கத் தேடினோம். பெரியப்பா ரேஷன் கார்டில் ரேகை வைத்ததுபோல ஏதோ கிறுக்கியிருந்தார். பெரியம்மாவுக்கு எழுதிய கடிதங்களில் பெயரே இல்லை, ‘இப்படிக்கு’ என்பதோடு நிறுத்திவிடுவார். தெளிவாக, படங்களில் போடுவதுபோல முதல் எழுத்தைச் சுழித்து, அடியில் கோடு இழுத்து அவர் போட்ட கையெழுத்து ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. அந்த 175 ரூபாய் ரசீதில், ரெவின்யூ ஸ்டாம்பின் மேல். ஸ்டாம்பின் கட்டங்களை நீக்கி, கையெழுத்தை மட்டும் பிரித்தெடுக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது.